மஞ்சள் சாயம்: சோப்பில் சிவந்து, வெயிலில் வெளுத்தால்

அரிப்புக்கு நல்லது என்று குழந்தைச் சட்டைக்கு ஏற்றிய மஞ்சள் சாயம் சோப்பு பட்ட இடத்தில் சிவந்தது, வெயிலில் வெளுத்தது என்று கேட்டிருந்தீர்கள். சிவந்தது கறை இல்லை. சோப்பில் உள்ள காரம்தான் காரணம். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு செய்கிற அதே வேலை. எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் அலசுங்கள், பெரும்பாலும் மஞ்சளுக்கே திரும்பிவிடும். வெளுப்புக்குத்தான் வழியில்லை. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கிற படிகாரம் போட்டாலும் மஞ்சள் வெயிலுக்கு நிற்காது.

அதனால் அடுத்த முறை மாதுளைத் தோலுக்கு மாறுங்கள். ஒரு கிலோ பருத்தித் துணிக்குக் கணக்கு இது: முதலில் சலவைச் சோடாவில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு அலசணும். கஞ்சி போகாத துணியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள் 200 கிராம் கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு, அலசாமல் பிழிந்து நிழலில் உலர்த்துங்கள். பிறகு 150 கிராம் படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு மணி நேரம். காய்ந்த மாதுளைத் தோல் 300 கிராம் கொதிக்கவைத்து வடித்த நீரில், மிதமான சூட்டில் ஒரு மணி நேரம் புரட்டிக்கொண்டே இருங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், கடுக்காயோடு சேர்ந்து துணி கறுத்துவிடும்; எவர்சில்வர் போதும்.

குழந்தையின் அரிப்புக்கு இந்தச் சட்டையை மருந்தாக நம்பாதீர்கள், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.