பைன் படியில் ஸ்டெயின் திட்டுத்திட்டாக வருகிறதே?

கேள்வி: மாடிப்படியில் இருந்த பழைய கார்பெட்டைப் பிய்த்துப் போட்டோம். அடியில் பைன் பலகை. கருவால்நட் (அடர் பழுப்பு) நிறத்தில் ஸ்டெயின், அதாவது மரத்துக்கு ஏற்றும் சாயம், வாங்கி முதல் படியில் பூசினால், ஓரிடம் கருப்பு, ஓரிடம் வெளுப்பு, பார்க்கவே சகிக்கவில்லை. ஸ்டெயின் சரியில்லையா, எங்கள் கை சரியில்லையா? இன்னும் 12 படி பாக்கி இருக்கிறது.
- ஒரு வாசகி, ஸ்கார்பரோ

பதில்: இரண்டுமே இல்லை, மரம் அப்படி. பைனில் வருடத்தின் தொடக்கத்தில் வேகமாக வளரும் பகுதி பஞ்சு மாதிரி இருக்கும், கோடையில் மெதுவாக வளரும் வரி கெட்டியாக இருக்கும். பஞ்சுப் பகுதி ஸ்டெயினைக் குடித்துவிடும், கெட்டி வரி கிட்டவே சேர்க்காது, அதனால் வெளுத்திருந்த இடம் கருத்துப்போய், கருத்திருந்த வரி வெளுப்பாகத் தெரியும், அந்தக் காலத்து ஃபோட்டோ நெகட்டிவ் மாதிரி. போதாததற்குக் கணுவைச் சுற்றிப் பிசின் வேறு. நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்குத் திட்டும் எடுப்பாகத் தெரியும், அதனால்தான் பைனுக்குக் கருவால்நட் வேண்டாம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை.

அந்த நிறமேதான் வேண்டுமென்றால் ஜெல் ஸ்டெயின் வாங்குங்கள். கெட்டியாக இருப்பதால் உள்ளே அதிகம் இறங்காமல் மேலேயே நிற்கும். இல்லை, கையில் இருக்கும் டப்பாவையே தீர்க்க வேண்டுமென்றால் முதலில் வுட் கண்டிஷனர் (மரம் ஸ்டெயினை ஒரே சீராகக் குடிக்க முன்கூட்டியே பூசும் திரவம்) பூசி, அந்த டப்பாவில் போட்டிருக்கும் நேரத்துக்குள் ஸ்டெயினை ஏற்றுங்கள். நிறம் கொஞ்சம் இளசாக வரும், அதற்குத் தயாராக இருங்கள். எதுவானாலும் படியில் பூசுவதற்கு முன்னால் ஒரு துண்டு பைன் பலகையில் பார்த்துவிடுங்கள்.

உப்புத்தாள் வேலைதான் முக்கால்வாசி. வீடு 1960க்கு முன் கட்டியதென்றால், பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், சோதிக்காமல் தேய்க்கவே வேண்டாம். மற்றபடி ஸ்டேப்பிள் ஊசிகளைக் குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு 80, அப்புறம் 120, கடைசியில் 150 நம்பர், எப்போதும் மரத்தின் வரியோடு. அதற்கு மேல் நைசாக்கினால் ஸ்டெயின் பிடிக்காது. படியின் பக்கவாட்டு முனை வெளியே தெரிந்தால் அதை மட்டும் 220 வரை தேய்க்கலாம், ஏனென்றால் அந்த வெட்டுமுகம் மற்ற இடத்தைவிடப் பல மடங்கு குடிக்கும். பசை ஒட்டியிருந்த இடத்தில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தாலும் அங்கே நிறம் ஏறாது. பூசிக் கெடுத்த முதல் படியையும் இப்படியே தேய்த்து ஆரம்பியுங்கள், முழுசாக வெளுக்காவிட்டால் பரவாயில்லை, ஜெல் மூடிவிடும்.

பூசும்போது ஒரு படி விட்டு ஒரு படி. பூசாத படியில் கால் வைத்து ஏறி இறங்கலாம், மறுநாள் மீதியை முடிக்கலாம். ஈரமான படியில் பளிச்சென்று டேப் ஒட்டி வையுங்கள். நான் ஒட்டவில்லை, எங்கள் மாமா ராத்திரி தண்ணீர் குடிக்க இறங்கினார், அவர் குதிகால் தடம் நாலாவது படியில் இன்றைக்கும் இருக்கிறது.

நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே பாதுகாப்புக்குப் பூசும் வார்னிஷான பாலியூரிதேன் 3 கோட், நடுநடுவே 220ஆல் லேசாக ஒரு தேய்ப்பு. பளபளக்கும் க்ளாஸ் வேண்டாம், மிதமாக மின்னும் சாட்டின் போதும், சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் இருந்தால் கடைசி கோட்டில் வழுக்காமல் இருக்கப் போடும் பொடியையும் கலந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டெயின் துடைத்த துணியைக் குப்பையில் போடலாமா?
- அதே வாசகி

பதில்: ஐயோ, கசக்கிப் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் ஸ்டெயின் காயும்போது சூடாகும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு விறைப்பாகக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கி வையுங்கள்.