தென்காசி எவ்வளவு மலிவு? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

சென்னை மேடவாக்கத்தில் இருக்கிறேன். சொந்த ஊர் கடையநல்லூர் பக்கம். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பிடித்தம் போக மாதம் ஒரு லட்சம் கைக்கு வருகிறது. விருப்பப்பட்டால் ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் சம்பளத்தில் 25 சதவீதம் குறையும் என்று இப்போது சொல்கிறார்கள். ஊர்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும் ஓர் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன். சென்னையைவிடத் தென்காசி 40 சதவீதம் மலிவு என்று காட்டியது. அப்படியானால் எனக்கு லாபம்தானே?

ஆனால் மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற என் மாமா, "சின்ன ஊர் மலிவுங்கறதெல்லாம் பழைய கதை. விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பாரு, பெரிய நகரத்தைவிடச் சின்ன ஊருக்குத்தான் பல மாசம் அதிகமா இருக்கு" என்கிறார். மனைவிக்கும் இதில் அவ்வளவாக விருப்பம் இல்லை. அவர் இங்கே ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. நீங்கள் சென்னையை விட்டுத் தென்காசிக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன்.

க., மேடவாக்கம்

அன்புள்ள க.,

மாமாவின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அவர் சொல்வது மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் மாதாமாதம் வெளியிடும் விலைவாசிக் குறியீட்டெண். நாடு முழுவதும் 88 மையங்களில் விலை எடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, சேலம் எல்லாம் உண்டு. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் இருப்பதால் குன்னூரும் உண்டு. அந்த எண் பொய் இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் ஒப்பிடுவதற்காகப் போட்ட எண்ணும் இல்லை. 2016-இல் எந்த ஊரில் என்ன விலை இருந்ததோ அதை அந்தந்த ஊருக்கு 100 என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து எவ்வளவு ஏறியது என்று மட்டும்தான் அது சொல்லும். வீட்டில் அண்ணனையும் தம்பியையும் சுவரோரம் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கும் 100 என்று பேர் வைத்த மாதிரி. நாலு வருஷம் கழித்துத் தம்பியின் எண் 130, அண்ணனின் எண் 110 என்றால் தம்பி வேகமாக வளர்ந்திருக்கிறான், அவ்வளவுதான். அண்ணனைவிட உயரம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். படித்தவர்கள்கூட இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஊருக்கு ஊர் ஒப்பிட வேண்டுமென்றால் மாமா தன்னுடைய பழைய சம்பளச் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டும். அகவிலைப்படி டெல்லிக்கும் தென்காசிக்கும் ஒன்றே. மத்திய அரசு ஊருக்கு ஊர் வித்தியாசம் பார்ப்பது முக்கியமாக வீட்டு வாடகைப்படியில்தான். 50 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை என்றால் எக்ஸ், 5 லட்சத்துக்கு மேல் ஒய், மற்றதெல்லாம் இசட். சென்னை எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஒய். தென்காசி இசட். (2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி 5 லட்சத்துக்குச் சில ஆயிரம் குறைந்துபோய் ஒய் கிடைக்காமல் நின்றது. அந்த ஊர் மத்திய அரசு ஊழியர்களிடம் இதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது.)

அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும், 2024 ஜனவரியிலிருந்து, இந்த வாடகைப்படி அடிப்படைச் சம்பளத்தில் 30, 20, 10 சதவீதம் என்று ஆனது. அன்றைய நிலவரப்படி கூட்டிப் பாருங்கள். அடிப்படை 100 ரூபாய் என்றால் சென்னையில் அகவிலைப்படியோடும் வாடகைப்படியோடும் 180, தென்காசியில் 160. அதாவது ஒரே வேலைக்குத் தென்காசியில் ஏறக்குறைய 11 சதவீதம் குறைவு. அரசாங்கம் எல்லாவற்றையும் சரியாகச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தில் அதன் கணக்கு உங்கள் நிறுவனத்தின் கணக்கைவிட யோக்கியமானது. ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஒரு லட்சத்தில் மாதம் 70,000 செலவு, 30,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இணையதளம் சொன்னபடி 40 சதவீதம் மலிவு என்றால் செலவு 42,000 ஆகிவிடும். சம்பளம் 75,000. மிச்சம் 33,000. லாபம்! நீங்கள் போட்ட கணக்கும் இதுவாகத்தான் இருக்கும்.

அந்த 70,000-ஐப் பிரித்துப் பாருங்கள். வாடகை 20,000, இங்கே 8,000-க்கு அதைவிட விசாலமான வீடே கிடைக்கும். காய்கறி, பால், வீட்டு வேலைக்கு ஆள், முடிவெட்டு, பிளம்பர் இதெல்லாம் சேர்ந்து 15,000 என்றால் இங்கே 11,000. மீதி 35,000 இருக்கிறதே, அது வண்டிக் கடன் தவணை, காப்பீடு, செல்போன், இணையம், சோப்பு, மாத்திரை. எம்.ஆர்.பி. அச்சடித்த பொருளுக்கு மேடவாக்கம் விலை, தென்காசி விலை என்று கிடையாது. மின்கட்டணமும் மாநிலம் முழுக்க ஒன்றுதான், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பது அங்கேயும் இங்கேயும் அதேதான். ஆக 35,000 அப்படியே நிற்கும். சென்னைக்குப் போய்வரும் செலவு, அலுவலகம் கூப்பிடும் நாட்கள் எல்லாவற்றுக்குமாக 3,000 சேருங்கள். மொத்தம் 57,000. 75,000-இல் கழித்தால் மிச்சம் 18,000. முப்பது பதினெட்டாகிவிட்டது.

எந்தச் சம்பளத்தில் உங்களுக்கு நஷ்டம் இல்லை? 87,000. அதாவது 13 சதவீதக் குறைப்பு. மாமாவின் சம்பளச் சீட்டு சொன்ன 11-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் எண்களை மாற்றி உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் முன்பின் ஆகலாம். மலிவாவது செலவின் ஒரு பகுதிதான். நிறுவனம் வெட்டுவது முழுச் சம்பளத்தை, அதில் நீங்கள் சேமிக்கும் பணமும் அடக்கம். சேமிப்புக்கு ஊர் விலை கிடையாது. பையன் நாளைக்குக் கல்லூரிக்குப் போகும்போது, "நீங்கள் தென்காசியில் சேர்த்த பணமா, பரவாயில்லை" என்று எந்தக் கல்லூரியும் கட்டணத்தைக் குறைக்காது.

இப்போது என் கதை. 2018-இல் குரோம்பேட்டையிலிருந்து இங்கே வந்தோம். அப்போது இது தனி மாவட்டம்கூட இல்லை, அடுத்த வருடம்தான் ஆனது. என் மனைவி செலவு நோட்டு எழுதுகிறவர். பழைய டைரி ஒன்றில் இடது பக்கம் சென்னை, வலது பக்கம் தென்காசி என்று முதல் ஆறு மாதம் எழுதினார். வாடகை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. தண்ணீர் லாரிக்குக் கொடுத்த காசு சுத்தமாக நின்றது. அடுத்த வருடக் கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு, நண்பர்கள் லாரிக்கு வரிசையில் நின்ற படங்களை அனுப்பியபோது எங்களுக்குக் கொஞ்சம் குற்ற உணர்வே வந்தது. ஆனாலும் வலது பக்கக் கூட்டல் நாங்கள் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை. எங்கே போகிறது என்று பார்த்தால், வலது பக்கத்தில் மட்டும் இருந்த ஒரு வரி: செய்முறை, அதாவது விசேஷ வீடுகளில் வைக்கும் மொய்.

நீங்கள் கடையநல்லூர்க்காரர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சென்னையில் இருக்கும்வரை பத்திரிகை வாட்ஸப்பில் வரும், வாழ்த்துச் சொன்னால் போதும். உள்ளூரில் இருந்தால் நேரில் வந்து வெற்றிலை பாக்கோடு வைப்பார்கள். ஆவணி மாதம் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம், சாயங்காலம் ஒரு காதுகுத்து. எவ்வளவு வைக்க வேண்டும் என்பது உங்கள் சம்பளத்தைப் பொறுத்தது அல்ல, உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் அவர்கள் எவ்வளவு வைத்தார்கள் என்ற பழைய நோட்டைப் பொறுத்தது. அப்புறம் கோயில் கொடை என்ற திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. எந்த இணையதளத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து வந்த கீரைக்கும் காய்க்கும் நோட்டில் கணக்கில்லை. குழந்தையை அத்தை பார்த்துக்கொண்டதால் காப்பகத்துக்குப் பணம் கட்டவில்லை. அதே சமயம், குழந்தைக்குக் காதில் ஒரு தொந்தரவு வந்தபோது சிறப்பு மருத்துவரைப் பார்க்கத் திருநெல்வேலிக்கு நாலு தடவை அலைந்தோம், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் போயிற்று. மருத்துவருக்குக் கொடுத்தது சென்னையைவிடக் குறைவு. வண்டிக் கூலியையும் ஓட்டல் சாப்பாட்டையும் சேர்த்தால் குறைவே இல்லை.

காய்கறி இங்கே அள்ளிக்கொடுக்கும் விலை என்றுதான் நானும் நினைத்து வந்தேன். பாவூர்சத்திரம் சந்தை பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே வரும் காய்கறியில் பெரும்பங்கு செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறது. ஓணம் வந்தால் இங்கே நேந்திரங்காயும் சேனையும் விலை ஏறிவிடும். விளைகிற ஊரில் மலிவு என்பது வாங்குகிற ஊர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது.

இந்த ஒப்பீட்டிலேயே தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் இருக்கிறார். சொந்தக் கிணறு, ஒரு பசு, பின்னால் நாலு தென்னை. அரிசி அவர் வயலிலிருந்து வருகிறது. அவருடைய மாதச் செலவைக் கேட்டால் நமக்கு வெட்கமாக இருக்கும். அவர் வாழ்வதைப்போலவே சென்னையில் வாழ எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டால் சென்னை பல மடங்கு செலவு. ஆனால் நான் குரோம்பேட்டையில் வாழ்ந்ததைப்போலவே இங்கே வாழப் பார்த்த முதல் வருடத்தில், பனீருக்கும் காளானுக்கும் கடை கடையாய் அலைந்தபோது, தென்காசி அவ்வளவொன்றும் மலிவாகத் தெரியவில்லை. இரண்டு விடையும் சரி. எந்த ஊரின் கூடையை, அதாவது அங்கே வழக்கமாக வாங்கும் பொருட்களின் பட்டியலை, தூக்கிக்கொண்டு எந்த ஊர்க் கடைக்குப் போகிறோம் என்பதுதான் வித்தியாசம். வருடத்துக்கு வருடம் விலையை ஒப்பிட்டாலும் இதே சிக்கல்தான். 1871-இல் லாஸ்பேர் என்ற ஜெர்மானியர் பழைய வருடத்தின் கூடையை வைத்துக் கணக்குப் போடும் வழியைச் சொன்னார், மூன்று வருடம் கழித்துப் பாஷே என்ற இன்னொரு ஜெர்மானியர் புதிய வருடத்தின் கூடையை வைத்துப் போட்டார். நூற்றைம்பது வருடமாக இரண்டு விடையும் ஒன்றாகவில்லை. உங்கள் இணையதளம் வைத்திருப்பது உங்கள் கூடையும் இல்லை, ஆசிரியரின் கூடையும் இல்லை. யாரோ சிலர் பதிந்துவிட்டுப் போன விலைகளின் சராசரி அது.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன விஷயம். மனைவி ஆசிரியை என்கிறீர்கள். அவருடைய சம்பளம் எவ்வளவு என்று எழுதவில்லை. விலையை ஒப்பிடும் தளங்கள் கூலியை ஒப்பிடுவதில்லை. பிளம்பரும் வீட்டு வேலை செய்பவரும் இங்கே குறைவாக வாங்குகிறார்கள் என்று நாம் சந்தோஷப்படுகிறோமே, அதே காரணத்துக்காகத்தான் இங்கே தனியார் பள்ளி ஆசிரியைக்கும் குறைவாகக் கொடுக்கிறார்கள். உங்கள் சம்பளம் கால்வாசி குறையும், அவருடையது பாதியாகவோ இல்லாமலோ போகலாம். அதைச் சேர்க்காமல் "எனக்கு லாபம்தானே" என்று கேட்கிறீர்கள். அவர் விருப்பமில்லை என்று சொல்வது வெறும் மனத்தயக்கம் என்று நினைக்காதீர்கள், உங்களைவிட அவர்தான் முழுக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தோன்றுகிறது.

வரவே கூடாது என்று சொல்லவில்லை. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது, திரும்பிப் போகும் எண்ணமில்லை. ஆனால் நிறுவனத்திடம் அந்த 25 எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேளுங்கள். 12 அல்லது 13 வரை பேசிப் பாருங்கள். வீடு பார்க்க வருவதென்றால் சாரல் சீசனில் வராதீர்கள், குற்றாலத்துக்குக் கூட்டம் வரும் அந்த மாதங்களில் ஆட்டோக்காரர் சொல்லும் விலையை வைத்து இந்த ஊரை எடைபோட முடியாது. பிப்ரவரி வாக்கில் இரண்டு பேருமாகப் பொதிகை எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறி வாருங்கள். மனைவிக்கு வேலை தேடுவதாக இருந்தால் முதல் நாளே நாலு பள்ளிகளில் விசாரித்துவிடலாம். வீட்டை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.