சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்

கார் ஹெட்லைட் பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

கேள்வி: என் காரில் கம்பெனியே போட்ட ஹாலஜன் புரொஜெக்டர் (முன்னால் லென்ஸ் வைத்த ஹெட்லைட்). அதில் எல்.இ.டி. பல்பு மாற்றினேன். சுவரில் கோடு கத்தி மாதிரி விழுகிறது. வண்டிக்கு முன்னால் பால் போல வெளிச்சம். ஆனால் 80-ல் போனால் தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை. போலி பல்பா? (விழுப்புரம்)

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. நல்ல பல்பும் இப்படித்தான் செய்யும். கத்தி மாதிரி விழும் அந்தக் கோடு, அதாவது டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, பல்பால் வருவது இல்லை. புரொஜெக்டருக்குள் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னத் தகடு நிற்கிறது. அதன் விளிம்புதான் சுவரில் கோடாகத் தெரிகிறது. உள்ளே எந்தப் பல்பைச் செருகினாலும் கோடு அழகாகவே விழும். அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் ஏராளம்.

பார்க்க வேண்டியது கோட்டுக்குச் சற்றுக் கீழே. நெடுஞ்சாலையில் தூரத்தைக் காட்டுவது அந்த இடத்து வெளிச்சம்தான். ஹாலஜன் பல்பின் இழை நாலரை மில்லிமீட்டர் இருக்கும், ஓர் அரிசி அளவு. உள்ளே ஒளியைத் திருப்பி அனுப்பும் கிண்ணம் அந்த அரிசிக்காகவே வளைக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பில் ஒரு தண்டின் இரண்டு பக்கமும் ஒளி தரும் சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒளி புறப்படும் இடமும் வடிவமும் மாறிவிடுவதால், கோட்டுக்குக் கீழே குவிய வேண்டியது அகலமாகப் பரவி வண்டியின் மூக்குக்கு முன்னால் கொட்டுகிறது. பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்ணின் பாவை சுருங்கும். தூரம் இன்னும் இருட்டாகும்.

நானும் இதே தப்பைச் செய்தேன். 3,800 ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி வாங்கினேன். கடை வாசலில், தெரு விளக்கின் கீழே நின்று பார்த்துவிட்டு திருப்தியாகக் கிளம்பினேன். அன்று இரவு திண்டிவனம் தாண்டித் தூறல். முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்பக்கம் ரிஃப்ளெக்டர் இல்லை. தோகை காற்றில் ஆடுவது தெரிந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். நின்றபோது பானட்டுக்கும் கரும்புக்கும் ஒரு கை நீளம் இருந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலை பழைய ஹாலஜனை மாட்டிவிட்டேன். நீங்களும் மாட்டுங்கள்.

கேள்வி: 55 வாட் இடத்தில் 100 வாட் பல்பு போட்டேன். மூன்று மாதத்தில் ஹோல்டர் உருகி, உள்ளே குரோம் கருகிவிட்டது. வாரண்டி கேட்கலாமா? (திருப்பூர்)

பதில்: முடியாது.

கேள்வி: ஆன்லைனில் வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய பை-செனான் (டிம், பிரைட் இரண்டுக்கும் ஒரே செனான் பல்பு) புரொஜெக்டர் ஜோடி வாங்கினேன். ‘இந்திய ரோட்டுக்குப் பொருந்தும்’ என்று எழுதியிருந்தார்கள். மாட்டிய பிறகு எதிரே வருகிற எல்லோரும் டிம் போடச் சொல்லி லைட் அடிக்கிறார்கள். நான் டிம்மில்தான் வருகிறேன். சுவரில் பார்த்தால் கோடு வலது பக்கம் மேலே ஏறுகிறது. மாட்டிய கடைக்காரர் ‘தகட்டை அரத்தால் ராவிச் சரிசெய்கிறேன்’ என்கிறார். செய்யலாமா? (நாமக்கல்)

பதில்: செய்ய விடாதீர்கள். உங்கள் மேல் தப்பு இல்லை, நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் நம் ஊர் விளக்கில் கோடு இடது பக்கம் ஏற வேண்டும். ஓரமாக நடப்பவர், மைல்கல், பள்ளம் எல்லாம் தெரியத்தான் அந்த ஏற்றம். வலது பக்கம் எதிர் வண்டி வரும், அங்கே கோடு தாழ்ந்திருக்கும். உங்களுக்கு வந்திருப்பது வலது பக்கம் ஓட்டும் நாட்டின் சரக்கு. மைல்கல்லுக்குப் போக வேண்டிய ஒளி எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது. புரொஜெக்டரைத் திருகிப் பொருத்தினாலும் ஏற்றம் மறையாது, கோடு முழுவதும் சாயும், அவ்வளவுதான்.

இனி அரம். இந்த விஷயத்தில் எனக்கு வெகுநாள் கோபம் உண்டு, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். லென்ஸ் பிம்பத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் திருப்பிப் போடுகிறது. தகட்டின் மேல் விளிம்பைத் தேய்த்தால் சாலையில் ஒளி மேலே ஏறும். எவ்வளவு ஏறும்? லென்ஸின் குவியத் தூரம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் ராவினால் 25 மீட்டரில் கோடு 25 செ.மீ. உயரும். டிம் வெளிச்சம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் சரிந்து போக வேண்டும், அதாவது 25 மீட்டரில் 25 செ.மீ. அந்தச் சரிவு முழுவதையும் இரண்டு இழுப்பு அரம் தின்றுவிடும். இரண்டு விளக்கிலும் ஒரே அளவு ராவ எந்தக் கையாலும் முடியாது. ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்டவும் வழி இல்லை.

இதைவிட மோசம், தகட்டையே கழற்றிவிட்டு ‘இப்போ பாருங்க சார், எவ்வளவு வெளிச்சம்’ என்று காட்டுவது. காட்டும் இடம் கடை வாசல். அங்கே எதிரே வண்டி வருவதில்லை. நடுவில் தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில், விடியுமுன் கேன் கட்டிக்கொண்டு பைக்கில் வரும் பால்காரரின் கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியில் அந்த வெளிச்சம் விழுந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிப்பதே இல்லை. விளக்கை மாற்றி விற்கும் எந்தக் கடையும் பத்து மீட்டர் தள்ளி ஒரு வெள்ளைச் சுவர் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத கடையில் நான் ஹெட்லைட் வேலை கொடுக்க மாட்டேன். லூமென், கெல்வின், வாட் எல்லாம் பெட்டிமேல் அச்சடித்த எண்கள். சுவரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கோடு எந்தப் பக்கம் ஏறுகிறது, அதன் கீழே எங்கே அடர்த்தி என்று நீங்களே பார்க்கலாம்.

சரி, உங்களுக்கு வழி: அதே மாடலுக்கு இடது பக்கப் போக்குவரத்துக்கான தகடோ முழு புரொஜெக்டரோ கிடைத்தால் கோடு சரியாகும், ஆனால் அனுமதியில்லாத மாற்றத்துக்கு அபராதம் உண்டு (கீழே கோவைக் கேள்வியைப் பாருங்கள்). அதனால் பழைய விளக்கையே திரும்ப மாட்டுங்கள். ‘இந்திய ரோட்டுக்குப் பொருந்தும்’ என்ற வரியைப் படம் எடுத்து வைத்து, முழுப் பணத்தையும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தொலைபேசி எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம்.

கேள்வி: கோட்டின் விளிம்பில் ஊதா நிறம் வருவதற்காக லென்ஸ் மாற்ற 6,000 கேட்கிறார்கள். வெளிச்சம் கூடுமா? (மதுரை)

பதில்: கூடாது. முப்பட்டகத்தில் நிறம் பிரிவது மாதிரிதான் அதுவும். ரோட்டில் ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

கேள்வி: வாட்ஸ்அப் விளம்பரம் பார்த்து ஜி-பே செய்து வாங்கினேன். பில் இல்லை, கடை பெயர் தெரியாது. ஒரு பக்கம் எரியவில்லை. என்ன செய்யலாம்? (சென்னை)

பதில்: இதே கேள்வி மாதாமாதம் வருகிறது. பில்லும் பெயரும் முகவரியும் இல்லாமல் யார்மேல் புகார் எழுதுவது? பணம் போன விவரத்தை வைத்து 1930 என்ற தொலைபேசி எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுத்துப் பாருங்கள். பணம் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது.

கேள்வி: கடையில் ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து புரொஜெக்டர் வைத்தார்கள். 22,000 ரூபாய், பில் இருக்கிறது. முதல் மழையிலேயே உள்ளே தண்ணீர். இப்போது ‘அது உங்கள் வண்டி பிரச்சினை’ என்கிறார்கள். மெக்கானிக் ஒருவர் இந்த மாற்றமே சட்டவிரோதம் என்கிறார். (கோவை)

பதில்: தண்ணீர் புகுந்தது அவர்கள் சீல் வேலையின் கோளாறு. பழைய பசையை முழுதாக எடுக்காமல் மேலே புதுப் பசை வைத்தால் இப்படித்தான் ஆகும். பில்லோடு, தண்ணீர் நிற்கும் படத்தையும் வைத்து பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதினைந்து நாள் கெடு கொடுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மெக்கானிக் பயமுறுத்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். மாட்டும்போது இதை ஒரு வார்த்தை அந்தக் கடை சொல்லியிருக்க வேண்டும். பணம் திரும்பி வந்தால் கம்பெனி விளக்கையே வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: வயது 67, ஓய்வுபெற்ற ஆசிரியர். கார் பதினொரு வருடம் பழையது. இரவில் டிம் போதவில்லை. மகன் 18,000 ரூபாய்க்கு புரொஜெக்டர் கிட் வாங்கச் சொல்கிறான். (கும்பகோணம்)

பதில்: ஐயா, இப்போது வாங்க வேண்டாம். முதலில் ஹெட்லைட் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். அது பிளாஸ்டிக், பதினொரு வருட வெயிலில் மஞ்சளாகி சொரசொரப்பாக இருக்கும். தண்ணீரோடு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, புற ஊதாக் கதிர் தாங்கும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். பூச்சை விட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சளாகும்.

அடுத்து, இன்ஜினும் விளக்கும் ஓடும்போது பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். பழைய வயரிங்கில் பத்து சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் போய்விடும். ரிலே (பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் ஸ்விட்ச்) வைத்த புது வயர் போட்டால் சரியாகும்.

கடைசியாகச் சுவர். சமதரையில் பத்து மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தில் ஒரு டேப், அதற்குப் பத்து செ.மீ. கீழே இன்னொரு டேப். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருங்கள், டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ் டேப்பில் விழ வேண்டும்.

இவ்வளவும் செய்து போதவில்லை என்றால் கண் டாக்டரைப் பாருங்கள். கண்புரை தொடங்கினால் இரவில் எதிர் வெளிச்சம் அதிகம் கூசும். அந்த 18,000 அதுவரை வங்கியிலேயே இருக்கட்டும்.