நெவாடா பாலைவனச் சுற்றுலா: கேள்வி பதில்

கேள்வி: ஜூலை விடுமுறையில் குடும்பத்துடன் ஐந்து நாள் லாஸ் வேகஸ் செல்ல எண்ணியிருக்கிறோம். அந்த மாதம் பொருத்தமானதா?

பதில்: செல்லலாம், ஆனால் பகல் முழுவதும் குளிரூட்டிய கூடங்களுக்குள்ளேயே கழியும் என்பதை அறிந்து செல்லுங்கள். ஜூலையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே அன்றாட நிலை; 2024 ஜூலை 7 அன்று ஏறக்குறைய 49 டிகிரி பதிவாகி, அந்நகரின் பழைய உச்சத்தையும் முறியடித்தது. வேலூர் வெயிலைக் கண்டவர்களுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊரில் வியர்வை சட்டையை நனைத்து எச்சரிக்கும். அங்கே காற்றில் ஈரமே இல்லாததால் வியர்வை தோலில் தோன்றியதும் உலர்ந்துவிடுகிறது, உடல் நீரை இழந்திருப்பது தலைவலி வந்த பிறகுதான் தெரிகிறது. பாலைவனத்தையும் பார்க்க வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. ஞாயிறு முதல் வியாழன் வரையிலான இரவுகளுக்கு அறை வாடகை பெரும்பாலும் குறைவு. பெரிய வணிகக் கண்காட்சிகள் நடக்கும் நாள்களில் இந்தக் கணக்குச் செல்லாது.

கேள்வி: லாஸ் வேகஸின் கூட்டம் பிடிக்கவில்லை. லாஃப்லின், மெஸ்கீட் ஆகிய ஊர்களில் தங்கலாமா?

பதில்: தங்கலாம், ஆனால் இரண்டும் வெவ்வேறு பயணங்களுக்கு உரியவை. லாஃப்லின் தெற்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், கொலராடோ ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றில் படகும், கரையோர நடைபாதையும், எளிய வாடகையும் அதன் கவர்ச்சி. லாஸ் வேகஸைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால் கோடையில் இன்னும் கொதிக்கும். ஆற்றுக்கு அக்கரையில் இருப்பது அரிசோனா மாநிலத்தின் புல்ஹெட் சிட்டி. அரிசோனாவின் பெரும்பகுதியில் கோடைகால நேர மாற்றம் கிடையாது என்பதால், குளிர்காலத்தில் பாலத்தைக் கடந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போய்விடும், கோடையில் இரு கரையிலும் ஒரே நேரம். முன்பதிவு செய்த படகைத் தவறவிட இதுவே போதும். மெஸ்கீட் வடகிழக்கே சுமார் 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அமைதியான ஊர். யூட்டா மாநிலத்தின் சயான் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்கள் வழியில் ஓர் இரவு தங்குவதற்கு ஏற்றது.

கேள்வி: எங்கள் மகனுக்குப் பதினாறு வயது. அவனைச் சூதாட்டக் கூடத்துக்குள் விடுவார்களா?

பதில்: நெவாடாவில் 21 வயது நிறைந்தவர்கள் மட்டுமே ஆடலாம். பல விடுதிகளில் உணவகத்துக்கான வழியே ஆட்டக் கூடத்தின் நடுவில்தான் செல்கிறது; பெற்றோருடன் நிற்காமல் நடந்து கடக்கலாம், இயந்திரத்தின் அருகே நின்றால் காவலர் நகரச் சொல்வார். சில விடுதிகள் 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அறவே அனுமதிப்பதில்லை என்பதால் முன்பதிவுக்கு முன் விசாரியுங்கள்.

கேள்வி: ஆட்டத்துக்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது?

பதில்: இழந்தால் வருந்தாத தொகையை, அதை நாடகச் சீட்டின் விலையாகவே எண்ணுங்கள். சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணின் குழியில் விழும் என்று பந்தயம் கட்டும் ஆட்டம் ரூலெட். 0, 00 என இரட்டைச் சுழியம் உள்ள ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள் உண்டு. சரியான எண்ணுக்குக் கிடைப்பதோ 35 மடங்கு. ஆக, பந்தயம் கட்டும் ஒவ்வொரு நூறு டாலரிலும் சராசரியாக ஐந்து டாலருக்குச் சற்று மேல் விடுதிக்குப் போகிறது. மூன்று சுழியம் உள்ள மேசையில் அது ஏழரை டாலரைத் தாண்டும். அறை வாடகையுடன் ரிசார்ட் கட்டணம் என்று நாள்தோறும் சேர்க்கப்படும் தொகையையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: கலிபோர்னியா எல்லையை ஒட்டிய மரணப் பள்ளத்தாக்கு (டெத் வேலி) தேசியப் பூங்காவை ஆகஸ்டில் காரில் பார்க்கலாமா?

பதில்: நான் பரிந்துரைக்க மாட்டேன். 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவான இடம் அது. கைப்பேசி இணைப்பு பெரும்பாலான பகுதிகளில் இல்லை. கார் நின்றுவிட்டால் உதவி வர நெடுநேரம் ஆகலாம். ஆகஸ்டில் திடீர் மழை வெள்ளமும் சாலைகளை அரித்துவிடும்: 2023இல் அவ்வாறு மூடிய பூங்காவை மீண்டும் திறக்க ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே உள்ள பேட்வாட்டர் உப்புச் சமவெளியில் குளிர்காலக் காலையில் நடப்பதுதான் இன்பம்.

கேள்வி: ஒரே நாளில் திரும்பும்படி அருகில் ஏதேனும் உண்டா?

பதில்: 221 மீட்டர் உயரமுள்ள ஹூவர் அணை ஒரு மணி நேரத்துக்குள் எட்டும் தொலைவில் இருக்கிறது. செம்மணற்பாறைகள் நிறைந்த வேலி ஆஃப் ஃபயர் பூங்காவுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே ஆகும்; பழங்குடியினரின் பாறைச் செதுக்கல்களை அங்கே காணலாம், ஆனால் கோடையில் வெப்பத்தின் காரணமாகப் பல நடைபாதைகளை மூடிவிடுகிறார்கள். அணைக்குப் போகும் வழியில் போல்டர் சிட்டியில் மதிய உணவை வைத்துக்கொள்ளுங்கள். அணைத் தொழிலாளர்களுக்காக 1931இல் எழுந்த அந்த ஊரில், மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியதும் அதே ஆண்டுதான் என்றாலும், இன்றுவரை சூதாட்டத்துக்கு அனுமதி இல்லை.