மொட்டைக் கடிதக் கிழவி

கே: அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சனின் ‘தி பாஸிபிலிட்டி ஆஃப் ஈவில்’ கதையில் வரும் கிழவி கெட்டவரா, இல்லை ஊர் நல்லதுக்குத்தான் மொட்டைக் கடிதம் எழுதுகிறாரா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

ப: ஊர் நல்லதுக்கு என்பது அந்தம்மா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது, நீங்களும் நம்பிவிட்டீர்களே! 71 வயது, தாத்தா கட்டிய வீடு, பாட்டி நட்ட ரோஜாச் செடிகள், தெருவில் இறங்கினால் ஊரே வணக்கம் சொல்லும். குழந்தையிடம் சுறுசுறுப்பு இல்லையே என்று கவலைப்படும் தாயிடம், ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிம்மா என்று இதமாகப் பேசிவிட்டு, வீட்டுக்குப் போனதும் அதே குழந்தையைப் பற்றி அதன் அப்பாவுக்கு மொட்டைக் கடிதம் எழுதுகிறார்.

காகிதத்தைக் கவனித்தீர்களா? பெயர் பொறித்த தாளும் தங்கப்பூச்சுப் பேனாவும் மேஜையிலேயே இருக்கின்றன. ஆனால் இந்த வேலைக்கு மட்டும் ஊரில் எல்லோரும் வாங்குகிற வண்ணத்தாள், மழுங்கிய பென்சில், அச்சடித்த மாதிரி தனித்தனியாக எழுதிய எழுத்து. நல்லெண்ணம் என்றால் கையெழுத்தை ஏன் ஒளிக்க வேண்டும்?

கதை வெளிவந்தது 1965 டிசம்பரில், ஜாக்சன் இறந்து சில மாதம் கழித்து. மறு வருடம் மர்மக் கதைகளுக்கான எட்கர் விருதும் கிடைத்தது. தபாலில் போடும்போது ஒரு கடிதம் கீழே விழுகிறது, ஒரு பையன் உதவி செய்வதாக நினைத்து எடுத்துக்கொண்டு போகிறான்... சரி, முடிவைச் சொன்னால் படிக்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள்.