இலைச்சாறு ஆராய்ச்சி சோறு போடுமா?

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. வேதியியல் படிக்கும் உங்கள் மகள், பயோடீசலில் (தாவர எண்ணெய் போன்றவற்றிலிருந்து தயாரிக்கும் டீசல்) உலோகம் அரிக்காமல் இருக்க இலைச்சாறு சேர்ப்பது பற்றி ப்ராஜெக்ட் எடுத்திருப்பதாகவும், இதை நம்பி பிஎச்.டி. வரை போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கவலைதான். இலைச்சாறுக்கென்று தனியாக வேலை கிடையாது. ஆனால் அரிப்பு பற்றித் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. எண்ணெய்க் குழாய், டேங்க், கப்பல், பெயிண்ட் என்று உலோகம் இருக்கிற இடமெல்லாம் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் காற்று பட்டு அமிலத்தன்மையும் ஏறும். முதலில் அடிவாங்குவது செம்பும் பித்தளையும்தான். இலையில் உள்ள டானின் (துவர்ப்புச் சுவை தரும் பொருள்) போன்றவை உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து அரிப்பைக் குறைக்கும். இதைப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: பளபளவென்று தேய்த்த செம்புப் பட்டையை எரிபொருளில் மூழ்கவைத்து, வழக்கமாக 50 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் விட்டு எடுப்பார்கள். அதன் நிறத்தை மாதிரிப் பட்டைகளோடு ஒப்பிட்டு, லேசாக மங்கியிருந்தால் 1, அரித்தே போயிருந்தால் 4 என்று தரம் போடுவார்கள்.

இந்தத் துறையில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்புத் துண்டைப் போட்டு, கைக்குக் கிடைத்த இலையின் சாற்றை ஊற்றி, எடை குறைவை மட்டும் அளந்து கட்டுரை எழுதிவிடுகிறார்கள். அந்த மாதிரி ப்ராஜெக்டால் பயனில்லை. அமிலத்தில் பலித்தது பயோடீசலில் பலிக்கும் என்று சொல்ல முடியாது; தண்ணீரில் இறக்கிய சாறு பயோடீசலில் சரியாகக் கலக்காது. எந்தக் கரைப்பானில் இறக்கப் போகிறோம், நாள்பட்டால் அடியில் தங்கி ஃபில்டரை அடைக்குமா, அடுத்த பருவத்து இலையிலும் அதே பலன் வருமா? மகளை இதையெல்லாம் கைடிடம் கேட்கச் சொல்லுங்கள். அரிப்பை மின்சார அளவுகளால் கணிக்கும் மின்வேதியியல் அளவீட்டுக் கருவியில் மகளே உட்கார்ந்து வேலை செய்ய விடுவார்களா என்பதையும் கட்டாயம் கேட்கட்டும். நாளை நேர்முகத் தேர்வில் கைகொடுக்கப்போவது அந்தப் பழக்கம்தான்.

அப்புறம், சிஎஸ்ஐஆர் நெட் என்னும் அறிவியல் பாடங்களுக்கான தேசியத் தகுதித் தேர்வுக்கு இப்போதே படிக்க ஆரம்பிக்கலாம். அதன் மூலம் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. வீட்டுச் செலவுக்கு உங்களை எதிர்பார்க்க வேண்டியிருக்காது. காரைக்குடியில் இருக்கும் சிக்ரி, மின்வேதியியலுக்கென்றே உள்ள மத்திய அரசு ஆய்வகம். அரிப்புத் தடுப்பு அங்கே முக்கியமான ஆய்வுப் பிரிவு. கோடை விடுமுறையில் அங்கே பயிற்சிக்கு இடம் கிடைக்குமா என்று இந்த மாதமே விசாரியுங்கள். பிஎச்.டி. முடிவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும்.