ராஜராஜன் காசு என்று வாங்கியது இலங்கைக் காசாக இருந்தால்

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு பழங்காசு வியாபாரியிடம் போன மாசியில் 24 செப்புக்காசுகளை 36,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லில் ‘ராஜராஜ சோழன் காசு – 24’ என்று எழுதிக் கொடுத்தார். நாகரி படிக்கத் தெரிந்த பேராசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு, 11 காசுகள் இலங்கை மன்னர்களுடையவை, 6 காசுகளில் எழுத்தே தேய்ந்துவிட்டது, 7 மட்டும்தான் ராஜராஜன் என்கிறார். கொள்ளிடக் கரை வயலில் குடத்தோடு கிடைத்த புதையல் என்று வியாபாரி அனுப்பிய குரல் பதிவும் என்னிடம் இருக்கிறது. இப்போது 12,000 தருகிறேன், விட்டுவிடுங்கள் என்கிறார். எனக்குப் பணம் பெரிதில்லை, அவமானம்தான். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கலாமா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர், பாபநாசம்

பதில்: நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் டீ வாங்கிக் கொடுத்து உறவு கொண்டாடியது, காசுச் சங்கத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தது, இதெல்லாம் வழக்குக்கு உதவாது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது ஒரே வரி: பில்லில் ‘ராஜராஜ சோழன் காசு’ என்று எழுதியிருப்பது.

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 15ஆம் பிரிவு. இன்ன பொருள் என்று வர்ணித்து விற்றால், கொடுப்பது அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும். வாங்கியவர் லென்ஸ் வைத்து அரை மணி நேரம் பார்த்தார் என்பதாலேயே அந்தக் கடமை போய்விடாது. ‘பழைய செப்புக்காசு – 24’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு வழக்கே இல்லை என்று சொல்லியிருப்பேன். விலை அதிகம் என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள். பொருளின் மதிப்பைத் தப்பாக எடைபோட்டது ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் பிழை ஆகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது. இது யார் காசு என்பது மட்டுமே கேள்வி.

அந்தக் கேள்விக்குப் பதில் காசிலேயே இருக்கிறது. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறு பக்கம் அமர்ந்த உருவம், கைக்குக் கீழே நாகரி எழுத்து. ராஜராஜன் காசும் அப்படித்தான். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பராக்கிரமபாகு, லீலாவதி என்று இலங்கையில் ஆண்டவர்கள் வெளியிட்ட காசும் அப்படித்தான். எழுத்தைப் படித்தால்தான் பிரியும். வியாபாரியும் படிக்காமலே விற்றிருக்கலாம். மோசடி என்றால் அவருக்கு முன்பே தெரியும் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். 15ஆம் பிரிவில் போனால் அந்தப் பாரம் உங்கள் தலையில் இல்லை.

எழுத்துத் தேய்ந்த ஆறை மறந்துவிடுங்கள். அவை ராஜராஜனுடையவை அல்ல என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் வழக்கு 11 காசுக்குத்தான், அதாவது 16,500 ரூபாய்க்கு.

இப்போது அந்தக் குரல் பதிவு. அதைப் பெரிய ஆயுதம் என்று நினைத்துப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்ததே அந்தப் பத்திதான். 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமானால் கண்டெடுத்தவர் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அவர் பங்கு போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. நீங்களோ ‘புதையல் என்று சொன்னதை நம்பித்தான் வாங்கினேன்’ என்று புகாரில் எழுதப் போகிறீர்கள். அவர் சொன்னது பொய்யானால் அது உங்களுக்கு உதவும். மெய்யானால், மறைத்த புதையல் என்று தெரிந்தே வாங்கினேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகிவிடும். தெரிவிக்கும் கடமை கண்டெடுத்தவருடையதுதான், வாங்கியவருடையது அல்ல. ஆனால் கையாடிய பொருளும் திருட்டுப் பொருள் கணக்கில் வரும் என்பதால், விசாரிப்பவர் அந்தப் பக்கம் திரும்ப அதிக நேரம் ஆகாது.

இதே போல ஒருவர் என்னிடம் வந்தார். நான் தடுத்தும் கேட்காமல் புகார் கொடுத்தார். காசுகளை வழக்குச் சொத்தாகக் கைப்பற்றினார்கள். புகார்தாரராகப் போனவர், எந்த வயல், யார் தோண்டியது என்று மாதக்கணக்கில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். வியாபாரி ‘நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்’ என்று ஒதுங்கிக்கொண்டார். பணம் ஒரு பைசா திரும்பவில்லை, காசும் கைக்கு வரவில்லை.

ஆகவே என்னிடம் நேரில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். குடம் கிடைத்த கதை மெய் என்று நம்ப உங்களுக்கு வேறு காரணம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சமரசப் பேச்சே வேண்டாம், முதலில் ஆட்சியருக்குத்தான் எழுத வேண்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வியாபாரம் ஓட அவர் அளந்த கதைதான் என்றால் மேலே படியுங்கள்.

உங்கள் கையாலேயே செய்துகொண்ட கெடுதல்கள் மூன்று. எழுத்துத் தெரிவதற்காகச் சிலவற்றைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறீர்கள். இரண்டை மாயவரத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மாதக்கணக்கில் வாய் திறக்கவில்லை. உங்கள் பொருள் என்ற பாவனையில் நடந்துகொண்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு மட்டுமே கேட்கலாம். இதைவிட மோசம், ‘நான் விற்ற காசு இவை இல்லை, மாற்றிவிட்டார்’ என்று அவர் சொன்னால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? எடை, இருபுறப் படம் எதுவும் வாங்கிய அன்று எடுத்து வைக்கவில்லையே. காசு வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் கவிழ்கின்றன.

இன்னொன்று. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு இரண்டு காசுகளைக் கூரியரில் அனுப்பி அங்கே சோதிக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்பாதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட காசு 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம். ராஜராஜன் காசா பராக்கிரமபாகு காசா என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

நுகர்வோர் ஆணையம்? இரண்டு ஆண்டுக்குள் தஞ்சாவூரிலேயே போடலாம். ஆனால் ‘விலை ஏறினதும் விற்கலாம் என்றுதான் வாங்கினேன்’ என்று எனக்கு எழுதியதையே அவருக்கும் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால், மறுவிற்பனைக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று முதல் நாளே வாதம் வரும்.

சமரசம் செய்துகொள்ளுங்கள். 16,500 கேளுங்கள், 15,000-க்கு வந்தால் முடித்துவிடுங்கள். மாப்பிள்ளையிடம் இருப்பதையும் வாங்கி, 11 காசுகளையும் எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொன்றின் எடையும் இருபுறப் படமும் இணைத்த உடன்படிக்கையில் இருவரும் கையெழுத்திடுங்கள். மீதி 13 காசுக்கும் புதுப் பில் கேளுங்கள், அவற்றை எங்கிருந்து வாங்கினார் என்பதோடு. அவரிடம் தொல்பொருள் விற்கும் உரிமம் இருக்கிறதா என்றும் அப்போதே பாருங்கள். ‘பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன்’ என்று மட்டும் செய்தி அனுப்பாதீர்கள், மிரட்டிப் பணம் பறித்ததாக எதிர்ப்புகார் வரும். காசுச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அவரை மோசடிக்காரர் என்று போட்ட பதிவையும் இன்றே எடுத்துவிடுங்கள்.

காசுகளை இனித் தேய்க்காமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் போட்டு, பேராசிரியரின் கையெழுத்திட்ட குறிப்போடு எடுத்து வாருங்கள்.